மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை

1.

இந்தக் கதை ஒரு படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் கதை எழுதுகிறவள் இல்லை, அறிக்கை எழுதுகிறவள். வாக்காளர் உரிமைக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பில் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதினேன். உதவி தூரத்து நாடு ஒன்றிலிருந்து வந்தது. ஜனநாயகத்தை வளர்க்கும் உதவி என்று அதற்குப் பெயர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை போக வேண்டும். அதன் ஒன்பதாம் கட்டம் இப்படிக் கேட்கும்: "வெற்றிக் கதை. முந்நூறு சொற்களுக்கு மிகாமல். பயனாளியின் புகைப்படத்துடன்."

பதினொரு வெற்றிக் கதைகள் எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது இது. முந்நூறு சொல்லுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது, வெற்றி எங்கே என்று கேட்டால் முழிக்கிறது.

முதல் முயற்சி:

"வீட்டு வாசலைத் தாண்டவே பயந்த ஒரு தையல்காரி, இன்று தன் வட்டாரத்தின் குரலாக..."

நிறுத்திவிட்டேன். அந்தத் தையல்காரி அக்கா எதற்கும் பயந்தவர் இல்லை. ஆனால் ஒன்பதாம் கட்டத்துக்கு ஆள் முதலில் பயந்திருக்க வேண்டும், பயிற்சிக்குப் பிறகு துணிந்திருக்க வேண்டும். போன வருடம் புகைப்படத்துக்காக, "கொஞ்சம் பயந்த மாதிரி முகத்தை வைங்கக்கா" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"எனக்கு என்னத்துக்குப் பயம்? கத்தரிக்கோல் என் கையில இல்ல இருக்கு" என்றார்.

இரண்டாம் முயற்சி:

"வாக்குச் சாவடிக்கு வெளியே மக்கள் நீண்ட வரிசையில்..."

இதுவும் பொய். மதியத்துக்கு மேல் அங்கே வரிசையே இல்லை. என் தலைவலியே அதுதான்.

2.

சரி, உள்ளபடியே சொல்கிறேன்.

தையல்காரி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் குடியிருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் கடை. ஒரு தையல் இயந்திரம், வெட்டுவதற்கு ஒரு மேசை, பொத்தான்கள் போட்டுவைக்கும் தகர டப்பாக்கள் மூன்று. பள்ளிச் சீருடைதான் முக்கியத் தொழில். தேர்தல் கண்காணிப்புப் பயிற்சிக்கு ஆள் தேடி நான் போனபோது, "மூணு நாளா? சீருடைத் துணி வர்றதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. வர்றேன்" என்றார். ஜனநாயக ஆர்வம் அப்படித்தான் தொடங்கியது. (இதை அறிக்கையில் எழுதவில்லை.)

பயிற்சியில் எல்லோரும் குறிப்பேட்டில் கோடு போட்டு ஆட்களை எண்ணக் கற்றார்கள். அக்காவுக்கு அது சரிப்படவில்லை. கோடு போடக் குனிகிற நேரத்தில் ஒருவர் நழுவிவிடுவார் என்றார். ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு ஆளுக்கு ஒரு பொத்தான் மாற்றினார். கண் வாசலை விட்டு நகரவே இல்லை. பயிற்றுநர் எங்கள் நாற்பத்தோரு பேருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்.

அந்த நாளில் இன்னொன்றும் நடந்தது. அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. கண்காணிப்புப் படிவத்தை அச்சகத்துக்கு அனுப்பும் முன் அக்கா ஒரு தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேல் மூலையில் உதவி செய்யும் நாட்டின் சின்னம், அதன் கீழே "அந்நாட்டு மக்களின் அன்பளிப்பு" என்ற வரி.

"இது எதுக்கு இங்க?"

"விதி அக்கா. அவங்க உதவியில எது அச்சடிச்சாலும் இது இருக்கணும்."

"நாற்காலியில போடு, கரும்பலகையில போடு. நான் என் கண்ணால பாத்ததுக்கு அவங்க எதுக்கு முத்திரை போடணும்?"

நான் சிரித்து மழுப்பினேன். அதோடு விட்டேனா? முந்தைய அறிக்கைக்கு "சின்னம் போதிய அளவில் தெரியவில்லை" என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. அதனால் அச்சகத்துக்காரரிடம் சொல்லிச் சின்னத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன்.*

* யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல பெயர் வாங்கும் ஆசைதான்.

3.

தேர்தல் நாள். நகரசபைத் தேர்தல், எங்கள் வட்டாரத்துச் சாவடி ஒரு பள்ளியின் இரண்டாம் வகுப்பறை. சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. காலை ஏழு மணியிலிருந்து அக்கா ஒரு குட்டை பெஞ்சில், மடியில் இரண்டு டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மணிக்கும் தலைமை அலுவலர் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது சட்டம். அவர் சொல்வதும் டப்பாவில் இருப்பதும் ஒவ்வொரு மணிக்கும் ஒத்துப்போயின. மூன்று மணிக்கு நானூற்றிரண்டு. டப்பாவிலும் நானூற்றிரண்டு.

மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு அலுவலர் சொன்ன எண்ணிக்கை எழுநூற்றுப் பதின்மூன்று. ஒரு மணி நேரத்தில் முந்நூற்றுப் பதினொரு வாக்குகள். அக்கா திரும்பி வந்து டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலுவலரைப் பார்த்தார். "ஐயா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அவர் இன்னொரு முறை சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அக்கா படிவத்தில் எழுதிக்கொண்டார். மறுநாள் முடிவு வந்தது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் இருநூற்று நாற்பது.

4.

தேர்தல் முடிந்து பத்து நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆறாம் நாள் அக்காவும் நானும் தேர்தல் அலுவலகத்துக்குப் போனோம். புகார் வாங்கும் எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. மின்விசிறிக்குக் கீழே தாள்கள் பறக்காமலிருக்க ஒரு சாவிக்கொத்தை வைத்திருந்தார். படிவத்தை வாங்கினார், எண்களைப் பார்க்கவில்லை. மூலையைத்தான் பார்த்தார்.

"இது வெளிநாட்டுத் தாளும்மா. போன வருஷம் புதுச் சட்டம் வந்திருக்கு. வெளிநாட்டுச் சின்னம் இருக்கிற எதையும் நான் வாங்க முடியாது."

"தாள்தான் வெளிநாடு. ஆளு நான் இந்த ஊரு" என்றார் அக்கா.

"அதை நான் இல்லைன்னேனா? வெள்ளைத் தாள்ல உங்க கையால எழுதிட்டு வாங்க. பேரு, விலாசம், வாக்காளர் எண் எல்லாம் போடணும்." பிறகுதான் உள்ளே இருந்ததைப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. "மூணுலேருந்து நாலு நீங்க இல்லையே?"

"வீட்டுக்காரருக்குக் கால்ல புண்ணு. கட்டு மாத்த நர்ஸ் வர்ற நேரம். கதவைத் திறந்துவிட ஆளில்ல, போயிட்டு வந்தேன்."

"முந்நூத்திப் பதினொண்ணும் அந்த நேரத்துலதான் விழுந்திருக்கு. அப்போ யார் உட்கார்ந்திருந்தாங்களோ அவங்க எழுதணும். இல்லேன்னா இது விசாரணைக்கே போகாது." படிவத்தின் அந்தக் கட்டத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வெளியே அக்கா எனக்கு முன்னால் படியிறங்கினார். "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனசு லேசாகியிருக்கும். அந்தச் சலுகையை அவர் எனக்குத் தரவில்லை.

5.

(இந்த இடத்தில் கதை கொஞ்சம் கட்டுரையாகப் போகிறது. அவசரக்காரர்கள் ஆறாம் பகுதிக்குப் போய்க்கொள்ளலாம்.)

வெளிநாட்டு உதவியால் ஜனநாயகம் வளருமா? ஆறு வருடம் இந்தக் கேள்விக்கு "வளர்கிறது, காண்க: இணைப்பு நான்கு" என்று பதில் எழுதியிருக்கிறேன். இப்போது யாரும் கேட்காததால் உண்மையைச் சொல்லலாம்.

அந்தப் பயிற்சி இல்லாமல் போயிருந்தால், சாவடிக்குள் உட்கார்ந்து பார்க்கச் சாதாரண வாக்காளருக்கும் உரிமை உண்டு என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த உரிமை எங்கள் சட்டப் புத்தகத்தில்தான் இருந்தது. அதை வெளியிலிருந்து ஒருவர் வந்து விரலால் காட்ட வேண்டியிருந்தது வெட்கம்தான். ஆனாலும் காட்டியது காட்டியதுதான். உதவியே கூடாது என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இது.

உதவி செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலத்தில் உங்கள் பெயரைப் பொறித்தாலும் பாலம் பாலமாகவே நிற்கும், வண்டி போகும். சாட்சியின் மேல் பொறித்தால் சாட்சி செல்லாமல் போய்விடும். ஊரில் இரண்டு தரப்பும் எங்களைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டது: "யாரு சொல்லி வந்தீங்க?" அந்தக் கேள்விக்குப் பதிலை நாங்களே கொட்டை எழுத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனோம்.

இன்னொன்று. வாக்களிக்கும் பழக்கம் ஒரு ஊரில் ஊன்ற எத்தனை தலைமுறை ஆகும் என்று எனக்குத் தெரியாது. எங்கள் திட்டத்துக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள், பிறகு இன்னொரு மூன்று. ஏழாம் வருடத்துக்கு முன் அவர்கள் நாட்டிலேயே தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. புதியவர்களுக்கு எங்கள் ஜனநாயகத்தில் அக்கறை இல்லை. எங்கள் தேர்தல் முடிந்த ஏழாம் நாள் கடிதம் வந்தது: முப்பது நாளில் எல்லாவற்றையும் மூடவும், சின்னங்களை அகற்றவும். ஆறு வருடம் நாற்காலி நாற்காலியாக ஒட்டியதை எங்கள் இயக்குநர் சமையலறைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அன்றே ஆறுமாதக்காரர் வந்தார். அந்த நாட்டு அதிகாரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் நாங்கள் வைத்த பெயர். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவர், அச்சடித்ததுபோலத்தான் பேசுவார்.

"தங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றார்.

"எங்க புகாருக்கு ஏதாவது செய்ய முடியுமா சார்? மேல யாருக்காவது ஒரு கடிதம்?"

நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நான் ஒரு வரி எழுதினாலும் உங்கள் புகார் இறந்துவிடும். நான் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்தத் தேர்தல் அலுவலகத்தின் பக்கம் வராமலிருப்பதே."

அவர் வேலையும் போகிறது என்று பிறகுதான் தெரிந்தது. போகும்போது கடைசி அறிக்கையை மறக்க வேண்டாம் என்றார். ஒன்பதாம் கட்டம் உட்பட.

6.

ஆகவே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று (ஒன்பதாம் கட்டத்துக்கு): எழுத்தர் புகாரை ஏற்றுக்கொள்கிறார். மறுவாக்குப்பதிவு நடக்கிறது. தையல்காரி புன்னகையோடு நிற்கிறார். பின்னணியில் சின்னம் தெரிகிறது. இருநூற்றெண்பது சொற்கள். கச்சிதம்.

முடிவு இரண்டு (வென்றவரின் ஆட்களுக்கு): தையல்காரி வெளிநாட்டுக் கைக்கூலி. பொத்தான்களை எண்ணச் சொல்லிக்கொடுத்ததே சதி. இந்த முடிவை நான் எழுத வேண்டியதில்லை, தெருமுனைச் சுவரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். அக்காவின் கடைக்கு நேர் எதிரே.

முடிவு மூன்று (எனக்கு): அறிக்கை எழுதுகிறவளுக்கு அந்த வாரம் கடும் காய்ச்சல். பத்து நாள் கெடு தாண்டிவிடுகிறது. யார் மேலும் தப்பில்லை. காலம்தான்...

மூன்றாவதுதான் எழுத எழுத இனித்தது. அதனால்தான் அதை நம்பவில்லை.

ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு தம்பி. குடிநீர் வாரியத்தில் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு எட்டு மாதம் பாக்கி. புகாரில் பெயர் போட்டவர்களின் வீட்டு ஆட்களுக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது, நிரந்தரமாகாதவர்களை வீட்டுக்கே அனுப்பினார்கள் என்றெல்லாம் பேச்சு. பாதி வதந்தியாக இருக்கலாம். எந்தப் பாதி என்று தெரியாததுதான் பிரச்சினை.

எட்டாம் நாள் காலை, அவன் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"டேய், நான் எழுதிக் கொடுக்கட்டுமா?"

சட்டைக் கையை மடித்துக்கொண்டே இருந்தான். "என்னைக் கேட்டா வேண்டாம்னுதான்க்கா சொல்லுவேன். எனக்கு அந்த வேலை வேணும். அதனால என்னைக் கேட்காத."

"கேட்காம எப்படிடா?"

"கேட்காம எழுது. நான் நாலு நாள் உன்மேல கோவமா இருப்பேன். அஞ்சாம் நாள் சரியாயிடும்." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தெருமுனை திரும்பும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

7.

ஒன்பதாம் நாள் இந்தக் கதையை, ஆறாம் பகுதி வரை, அக்காவின் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே கண்காணிப்பாளர்கள் தங்கள் தங்கள் படிவங்களை வெள்ளைத் தாளில் மறுபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தோரு பேரில் வந்தது ஒன்பது பேர். வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. வெட்டும் மேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எழுதினார்கள். ஒருவர் தேர்தல் என்ற சொல்லை ஒவ்வொரு வரியிலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தார். திருத்தலாமா என்று கேட்டேன். "வேண்டாம், அவர் எழுதினதுன்னு அப்பத்தான் தெரியும்" என்றார் அக்கா.

என் தாள்களை வாங்கி ஒரு சீருடைக்குக் கை தைத்துக்கொண்டே படித்தார். கடைசித் தாளை மடித்துவைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. என் கடை, உன் தம்பி, அந்தக் கண்ணாடிக்காரர், எல்லாரும் இருக்காங்க. அந்த ஒரு மணி நேரம் எங்க?"

"பிறகு எழுதறேன்னு போட்டிருக்கேன்க்கா."

"பாத்தேன். மூணாவது பகுதியில சொல்லியிருக்க. ஆறாவதும் முடிஞ்சுபோச்சு."

"கதைன்னா அப்படித்தான்க்கா, கொஞ்சம் தள்ளிப்போட்டாத்தான்..."

"தங்கச்சி." இயந்திரத்தை நிறுத்தினார். "நான் என் தாளை எழுதிட்டேன். நீ எழுதலைன்னா அதை இந்தக் குப்பைத் துணியோட போட வேண்டியதுதான். உன்னை நான் கட்டாயப்படுத்தப் போறதில்ல. ஆனா கதை எழுதறேன்னு சொல்லிட்டு என்னைக் காத்துக்கிட்டு உட்காரவைக்காத."

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது நாளாக நான் எழுதிக்கொண்டிருந்தது கதையே இல்லை. சாட்சி சொல்லாமலிருக்க ஒரு நாகரிகமான வழி. இதுவரை படித்த உங்களையும் அதற்குத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

ஒரு வெள்ளைத் தாள் கேட்டேன். அக்கா ஒரு கட்டிலிருந்து உருவித் தந்தார். அவர் தைத்து முடித்திருந்த சட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

8.

நான் எழுதியது இதுதான். அலங்காரம் எதுவும் இல்லை, மூன்று முறை திருத்தி எடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். மூன்று ஐந்துக்குக் கணவனும் மனைவியும் வந்தார்கள், சாவியை யார் தொலைத்தது என்று சண்டை போட்டுக்கொண்டே வாக்களித்தார்கள். நகத்தில் சிமெண்டோடு ஒரு கொத்தனார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவளுக்கு அலுவலரே நாற்காலி கொடுத்தார். தபால்காரர், சீருடையோடு. பெயர் தப்பாக இருக்கிறது என்று வாதாடி ஜெயித்த ஒரு பெரியவர். கல்லூரி மாணவிகள் மூன்று பேர், முதல் வாக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்றரைக்கு ஒரு பேருந்து ஓட்டுநர். கடைசியாக ஓர் அம்மாவும் பெண்ணும் மருமகளும். மூன்று நாற்பதுக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. மூன்றரையிலிருந்து அலுவலரின் மேசைக்குப் பின்னால் மறைப்புத் தட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொல்லவும் மாட்டேன். வாசலைத்தான் பார்த்தேன். அந்த அறைக்கு ஒரு வாசல்தான். மொத்தம் பதினான்கு வாக்குகள்.

பத்தாம் நாள் காலை பத்து மணிக்கு இருவரும் போனோம். எழுத்தர் இரண்டு தாள்களின் மூலையையும் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு என் தாளை வரி வரியாகப் படித்தார். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் என்று சொல்லி, அக்காவிடமிருந்து பழைய படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"அந்தப் படிவத்துல பதிமூணு பேருன்னு எழுதியிருக்கீங்க. ஓரத்துல உங்க ஒப்பம் இருக்கு. வந்தவங்களைக் கூட்டிப் பாத்தா இப்பவும் பதிமூணுதான் வருது. ஆனா கீழ மொத்தம் பதினாலுன்னு போட்டிருக்கீங்களே?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்கும் புதிது.

இங்கே ஒரு முடிவு வைக்க வேண்டும் என்று தெரியும். விசாரணை அடுத்த வியாழன். புகார் நிற்குமா, தம்பியின் வேலை நிற்குமா, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டேன், அந்த முடிவை நீங்கள் விரும்பியபடி எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் எண்ணிக்கையை மட்டும் மாற்றாதீர்கள். பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, கண்காணிப்பவர் நிகழ்வுக்கு வெளியே நிற்பவர், தன்னைச் சேர்க்கக் கூடாது என்று. ஆறு வருடம் எழுதிய அறிக்கைகளிலும் அப்படித்தான் நின்றேன்.

எழுத்தர் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

"மூணே முக்காலுக்கு நான் எழுந்து போய் என் ஓட்டைப் போட்டேன்" என்றேன். "அந்த வாசல்ல கண்ணை வெச்சுக்கிட்டே. அந்தப் பெட்டியில என் ஓட்டும் இருக்கு. பதினாலாவது ஆள் நான்தான். எழுதிக்குங்க."